எட்டு வீட்டு ஏர்கோன்களில் விளைந்த சோளம்

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் இத்தனை லட்சம் பேரில் தண்ணீரை உண்மையிலேயே மதித்தவர் ஒரே ஒருவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பல் தேய்க்க அரைக் குவளை, முகம் கழுவ இன்னொரு அரைக் குவளை, அதற்கு மேல் ஒரு சொட்டு எடுத்தால் அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும். மழை பெய்தால் மற்றவர்கள் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடிப்பார்கள். அவர் விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்பார். இதை நேரில் பார்த்தவர்கள் செந்தூலில் இன்னும் இருக்கிறார்கள், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரை நாங்கள் மீட்டர் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். அம்பாங்கிலிருந்து கிள்ளான் வரை அவர் குனிந்து பார்க்காத மீட்டரும் இல்லை, அவரைத் துரத்தாத நாயும் இல்லை. எங்கள் அடுக்குமாடியில் நாய் வளர்க்கவே அனுமதி கிடையாது. ஆனாலும் எந்த வாசலிலும் அவர் நேராக நிற்க மாட்டார். ஓடுவதற்குத் தோதாக ஒரு பக்கமாகத் திரும்பித்தான் நிற்பார். மனிதர்களின் பெயர் அவர் மண்டையில் தங்காது. வீட்டு எண் மட்டும் தங்கும். பதினோராம் மாடி மூன்றாம் வீட்டில் இருந்ததால் நான் அவருக்குப் ‘பதினொன்னு மூணு’. என் வீட்டுக்காரரும் அவருக்குப் பதினொன்னு மூணுதான், எங்களைப் பார்க்க வரும் என் மாமியாரும் பதினொன்னு மூணுதான்.

நான் இப்போது பண்டமாரானில் தரையோடு இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லப்போவது செந்தூல் அடுக்குமாடியில் இருந்தபோது நடந்தது. அங்கே ஏழாவது மாடி கார்ப்பார்க்கின் மேல் வெட்டவெளியாக ஒரு தளம் உண்டு. குடியிருப்போர் சங்கம் அதில் இடுப்புயரத்துக்குச் செங்கல் கட்டி மண் கொட்டி, பதினோரு பாத்திகள் போட்டிருந்தது. முன்னூறு வீட்டுக்குப் பதினோரு பாத்தி, ஒரே ஒரு குழாய். பாத்தி கிடைக்கப் பெயரெழுதிக் காத்திருந்தவர்களின் பட்டியல் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டிருக்கும்.

தோட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதியவர் சங்கச் செயலாளர் சரோஜா டீச்சர், வகுப்பறையை விட்டு வந்தும் சிவப்புப் பேனாவை விடாதவர். வருஷத்துக்கு இரண்டு தடவை கோத்தோங் ரோயோங் நடக்கும். எல்லாரும் சேர்ந்து அடைப்பு எடுத்து, பெருக்கி, கழுவி முடித்ததும் நீளமாக ஒரு மேசை போடுவார்கள். ஒவ்வொரு பாத்திக்காரரும் தன் பாத்தியில் விளைந்ததைச் சமைத்து அந்த மேசையில் வைக்க வேண்டும். அதை மூன்று பேராவது சாப்பிட வேண்டும். தொடர்ந்து மூன்று மேசைக்கு வெறுங்கையோடு வருகிறவரின் பாத்தி, பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும்.

பட்டியலில் முதலில் இருந்தது நான். எனக்கு ஒரு கறிவேப்பிலை இருந்தது. பெயின்ட் வாளிக்குள் ஆளுயரத்துக்கு வளர்ந்து, நடைபாதையில் போகிறவர்களின் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. நடைபாதையில் எதுவும் வைக்கக் கூடாது, வருஷக் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள் என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு பாத்தி காலியானால் கறிவேப்பிலை பிழைக்கும். எந்தப் பாத்தி காலியாகும் என்பதில் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மீட்டர் அங்கிள் அப்போதே இரண்டு மேசைக்கு வெறுங்கையோடு வந்திருந்தார்.

காரணம் அவர் பயிரிட்ட பொருள். எல்லாரும் சாவி கீரை, மிளகாய், வெண்டி என்று போட்டபோது இவர் சோளம் போட்டார். நாம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பட்டர் தடவித் தின்னும் மஞ்சள் சோளம் இல்லை. உச்சியில் கொத்தாகக் கதிர் விட்டு, மிளகு அளவுக்கு வெள்ளை வெள்ளையாக மணி பிடிக்குமே, அந்தச் சோளம். விதைக்குக் கிள்ளானில் ஒரு பறவைத் தீனிக் கடைக்குப் போய், புறாத் தீனி ஒரு கிலோ வாங்கி, அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சோளத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாராம். உங்களிடம் எத்தனை புறா இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று இவர் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய்விட்டாராம்.

ஏன் சோளம் என்று நானே ஒருநாள் கேட்டேன்.

“மத்த செடியெல்லாம் தண்ணி இல்லன்னா தலையத் தொங்கப் போட்டு அழுவும். இது மட்டும்தான் இலையச் சுருட்டிக்கிட்டு, நீ தர்றப்ப தா, நான் நிக்கிறேன்னு நிக்கும். இத்தன வருஷம் வீடு வீடா நான் தேடுன கஸ்டமர் இதுதான் மா” என்றார்.

அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது ஒன்பதாம் பாத்தி. அது கட்டடத்தின் பால்கனி வரிசைக்கு நேர் கீழே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் சாய்வெயில் முழுசாக அடிக்கும், மழை மட்டும் ஒரு சொட்டு விழாது. கோலாலம்பூரில் மழை விழாத இடத்தைத் தேடிப் பிடித்து விவசாயம் பார்த்த ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எதை ஊற்றுவார் என்றால், ஏர்கோன் தண்ணீரை.

எங்கள் வரிசையில் எட்டாம் மாடி முதல் பதினைந்தாம் மாடி வரை எட்டு வீடுகள். அந்த வீட்டு ஏர்கோன்கள் சொட்டுகிற தண்ணீரெல்லாம் ஒரே பைப்பில் இறங்கி ஒன்பதாம் பாத்திக்குப் பக்கத்துச் சாக்கடைக்குப் போகும். இவர் அந்தப் பைப்பை நடுவில் வெட்டி, எங்கோ கழற்றி எறிந்த பழைய மீட்டர் ஒன்றைப் பொருத்தி, இரண்டு நீல டிரம்களில் தண்ணீரைப் பிடித்தார். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் குனிந்து மீட்டரைப் படித்துச் சட்டைப் பை நோட்டில் எழுதுவார்.

அதோடு விட்டாரா? எந்த வீடு எவ்வளவு சொட்டுகிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கதவைத் தட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, நீங்கள் எத்தனை மணிக்கு ஏர்கோன் போடுவீர்கள், எத்தனை டிகிரியில் வைப்பீர்கள், எத்தனை பேர் படுப்பீர்கள் என்று விசாரிப்பார். பதின்மூன்றாம் மாடியில் புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி குடிவந்த மாதம் அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏர்கோன் நிற்கவே இல்லை என்று லிஃப்டில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு மாதம் படிக்கட்டில்தான் இறங்கினாள்.

எனக்குக் கோபம் வரும். ஒருமுறை ஜலதோஷம் என்று நான் ஒரு வாரம் ஏர்கோன் போடவில்லை. ஏழாம் நாள் கதவு தட்டும் சத்தம். “பதினொன்னு மூணு, ஒரு வாரமா நீங்க சொட்டவே இல்ல. உடம்புக்கு ஒன்னும் இல்லயே?” என்று கேட்டார். கையில் இஞ்சி ஒரு துண்டு இருந்தது. அந்த ஒரு வாரத்தில் என்னை விசாரித்த வேறு ஜீவன் கிடையாது, என் வீட்டுக்காரர் உட்பட. இத்தனை வருஷம் ஆயிரம் கதவைத் தட்டிய மனிதருக்கு ஓய்வு பெற்றதும் தட்டுவதற்கு ஒரு கதவும் இல்லாமல் போய்விட்டது. தனி ஆள் வேறு. அந்தப் பாத்திதான் அவருக்கு எங்கள் கதவுகளை மறுபடி திறந்துவிட்டிருந்தது என்பது எனக்கு அப்போது லேசாகப் புரிந்தது. புரிந்தும் பட்டியலில் இருந்து நான் என் பெயரை எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை அவர் செய்த தப்பு நெருக்கம். மண் தெரிந்தால் வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், செடி நெருக்கமாக நின்றால் நிழல் விழுந்து மண் ஈரமாகவே இருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. நான்கு விரல் இடைவெளியில் விதைத்துத் தள்ளினார். கொஞ்ச நாளுக்குப் பாத்தி பச்சைப் பசேல் என்று இருந்தது, பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். ஆனால் மண்ணில் இருந்த தண்ணீரை அத்தனை செடியும் போட்டி போட்டுக்கொண்டு இடுப்புயரம் வளர்வதற்குள்ளேயே குடித்துத் தீர்த்துவிட்டன. கதிர் விட வேண்டிய நேரத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. கதிரே வராமல் மாட்டுத் தீவனமாக நின்றது. செந்தூலில் அதைத் தின்ன ஒரு மாடும் இல்லை.

இரண்டாம் தடவை இடைவெளி விட்டார். ஆனால் போன தடவை பட்டினி போட்டுவிட்டோம் என்ற பாசத்தில் கோழி எருவை மூட்டை மூட்டையாகக் கொட்டினார். ஏழாம் மாடி முழுக்க நாற்றம். சரோஜா டீச்சர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் பார்வையிட வருவார். பயிர் மளமளவென்று உயர்ந்து எட்டாம் மாடி பால்கனியை எட்டிப் பார்த்தது. தண்டில் வலுவில்லை. ஒரு சாயங்காலக் காற்றில் மொத்தமும் சாய்ந்து, பக்கத்துப் பாத்தியில் காக் நோர் என்ற மலாய்க்கார அக்கா போட்டிருந்த சிலி பாடி மிளகாய்ச் செடிகள் மேல் படுத்துக்கொண்டது. காக் நோர் நல்ல மனுஷி, சண்டைக்கு வரவில்லை. அடுத்த நாள் தனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகையை வைத்துத் தடுத்துவிட்டார்.

இப்படியாக மூன்றாம் தடவை வந்தது. இதில் விளைந்தால் பாத்தி அவருக்கு, விளையாவிட்டால் எனக்கு. நான் தினமும் ஒருமுறை கீழே போய்ப் பயிர் எப்படி இருக்கிறது என்று நோட்டம் விட்டு வருவேன். நான் வருவது எதற்கு என்று தெரியாமல் அந்த மனிதர் ஆசை ஆசையாக எல்லாவற்றையும் விளக்குவார்.

இந்த முறை அவர் நிஜமாகவே பாடம் படித்திருந்தார். இரண்டே வரிசை, நடுவில் இரண்டு முழம் வெறும் இடம். அந்த வெற்று மண்ணில் இருக்கிற ஈரம்தான் கடைசி நேரத்துக்குச் சேமிப்பு, வேர் மெல்ல மெல்ல நகர்ந்து போய் எடுத்துக்கொள்ளும் என்றார். எருவை விதைக்கும்போது ஒரு பிடி, முழங்கால் உயரம் வந்ததும் இன்னொரு பிடி, அவ்வளவுதான். களை ஒன்று தலை நீட்டினாலும் இதுவும் என் தண்ணீரைத்தானே குடிக்கிறது என்று பிடுங்கிவிடுவார். மண் காயாமல் இருக்க மேலே எதையாவது பரப்ப வேண்டும் என்று யோசித்து, பிரிக்பீல்ட்ஸில் கரும்புச் சாறு பிழிகிற கடையிலிருந்து சக்கையை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். ரயிலில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். பரப்பிய மறுநாள் செந்தூல் வட்டாரத்து எறும்புகள் எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கின. சக்கையைக் கழுவியிருக்கலாமே என்று நான் சொன்னபோது, அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் போய்க் கழுவச் சொன்னது என் தப்பு. ஒரு வாரம் சக்கையை மழையில் போட்டுவிட்டுத்தான் திரும்பப் பரப்பினார்.

பயிர் அழகாக வந்தது. ரொம்ப உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. என் கறிவேப்பிலைக்கு வேறு இடம் தேட வேண்டியதுதான் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒருநாள் காலை அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஒரு செடியின் உச்சியில் உப்பலாக இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கதிர் உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை.

“இந்தப் பத்துப் பன்னண்டு நாளு மட்டும் இதுக்குப் பொறுமை கிடையாது மா. இப்ப தண்ணி இல்லன்னா கதிரு வரும், மணி பிடிக்காது. இத வெளிய சொல்லிடாதீங்க. சோளம் தண்ணியே கேக்காதுன்னு ஒன்னரை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

நானும் சொல்லவில்லை. மூன்றே நாளில் தண்ணீர் நின்றது.

அது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. எங்கோ மேலே ஆற்றில் யாரோ எதையோ கொட்டுவார்கள், சுத்திகரிப்பு நிலையத்தை மூடுவார்கள், நாம் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லோரிக்குக் காத்திருப்போம். அந்தத் தடவை ஒரு வாரம் வராது என்று அறிவித்தார்கள். மழையும் சொல்லி வைத்தாற்போல் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போனால், கீரையெல்லாம் துணி மாதிரி துவண்டு கிடந்தது. காக் நோரின் சிலி பாடி பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. ஆ சூன் அங்கிள் தன் சாவி கீரைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் சீனர்தான், ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். மெதுவாக எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. இரண்டு நீல டிரம்மும் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

“மீட்டரு, உன் செடிதான் தண்ணியே கேக்காதே லா” என்றார் ஆ சூன் அங்கிள். கிண்டலாக இல்லை. கெஞ்சலாகத்தான் கேட்டார்.

மீட்டர் அங்கிள் வாயைத் திறந்தார். ஒன்றரை வருஷப் பெருமை விடவில்லை போலிருக்கிறது, திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அங்கிளுக்கும் இப்போது தண்ணீர் வேண்டும், இந்தப் பத்து நாள் தாண்டட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் டிரம்மைத் தொட்டிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. பெயின்ட் வாளிக்குள் நிற்கும் என் கறிவேப்பிலையை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“எடுத்துக்குங்க. என் ஆளு நிப்பான்” என்றார் அவர்.

அவரே குவளையை எடுத்து, பத்துப் பாத்திக்கும் ஒரு சொட்டு கூடவோ குறையவோ இல்லாமல் அளந்து ஊற்றினார். கீரைக்கு வேர் மேலே இருக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. மிளகாய்க்குத் தண்டோரம் மட்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு டிரம்மும் காலியாயின. அவருடைய சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் நின்றது.

அன்றைக்கு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலை எழுந்ததும் மூன்று அறை ஏர்கோனையும் போட்டு, ஜன்னல்களைப் பூராவும் திறந்து வைத்தேன். வெளியே இருக்கிற ஈரக் காற்று உள்ளே வந்தால்தான் அது நிறையச் சொட்டும். இதையும் அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், அதனால் பகல் முழுக்க ஓடியது. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஜன்னலத் திறந்து வச்சிட்டு ஏர்கோன் போடுறியே, செந்தூலையே குளிர வைக்கப் போறியா?”

மீட்டர் அங்கிளுக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். அவருடைய பாத்திதானே உனக்கு வேண்டும் என்று இவ்வளவு நாளாகச் சொன்னாய் என்றார். ரிமோட்டை எடுத்துப் பதினாறு டிகிரிக்கு இறக்கினேன். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பிறந்த பயிருக்காகக் கரன்ட்டை ஆறாக ஓடவிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வேலை செய்ய உட்கார்ந்தால் பல் தந்தியடித்தது. ஸ்வெட்டரும் கம்பளியுமாகத்தான் அந்தப் பத்து நாளும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஏர்கோன் ஓடத் தொடங்கிய நான்காம் நாள் அங்கிள் கதவைத் தட்டினார். வழக்கம்போல் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றார்.

“பதினொன்னு மூணு, ராத்திரி பகலா ஓடுதே. மிஷின் கெட்டுப் போச்சா?”

“ஆமா அங்கிள், கெட்டுப் போச்சு. நிக்க மாட்டேங்குது” என்றேன்.

அவர் என் கம்பளியைப் பார்த்தார், பின்னால் திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தார்.

“ரிப்பேருக்கு அவசரம் இல்ல மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கதிர் வந்தது. தண்ணீர் பிந்திப் போன அந்த நாட்களின் அடையாளம் அதில் இருந்தது. உச்சியில் சில கொத்துகள் வெறும் பதராக நின்றன. கீழ்ப் பாதியில் மட்டும் மணி பிடித்து, வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. அது முற்றுவதற்குள் மைனாக்கூட்டம் மோப்பம் பிடித்து வந்துவிட்டது. அங்கிள் வேலைக்குப் போன காலத்துக் காலுறைகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு கதிருக்கும் ஒன்றாக மாட்டிக் கட்டினார். மூன்று வாரம் எங்கள் தோட்டம் துணி உலர்த்தும் இடம் மாதிரி இருந்தது. மைனாக்கள் பால்கனிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து அந்தக் காலுறைகளை வெறித்துக்கொண்டிருந்தன, ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. காரணம் என்னவென்று ஒருநாள் காற்று எங்கள் பக்கம் அடித்தபோது எங்களுக்கும் தெரிந்தது.

மேசை நாளும் வந்தது. ஆ சூன் அங்கிள் சாவி கீரை வதக்கிக் கொண்டுவந்தார். காக் நோர் தண்ணீர்ப் பஞ்சத்தில் பிழைத்த சிலி பாடியில் சம்பல் அரைத்திருந்தார். கடைசியாக மீட்டர் அங்கிள் ஒரு சின்னக் குண்டானைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே சோளச் சோறு. ஒரு பாத்தி முழுக்க விளைந்தது அவ்வளவுதான், நான்கு தட்டுக்கு வந்தால் அதிகம். ஆனாலும் விளைந்துவிட்டது, இனி பாத்தி அவருக்குத்தான் என்று நான் நினைத்தேன். ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். சமைத்ததும் அவர்தான்.

முழுச் சோளம் பாறை மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஊறவைத்து, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வேகவைக்க வேண்டும். தாராளம் என்ற சொல்லே அவர் அகராதியில் கிடையாது. அரிசிக்கு வைப்பதில் பாதித் தண்ணீர் வைத்திருக்கிறார், அதுவும் ஏர்கோன் பைப்பில் பிடித்த தண்ணீர் சாப்பாட்டுக்கு வேண்டாம் என்று தனக்குக் குடிக்க வாங்கிய போத்தலைத் திறந்து அளந்து ஊற்றியிருக்கிறார். ஊறவைத்தால் அந்தத் தண்ணீர் வீண் என்று ஊறவைக்கவே இல்லை.

சட்டப்படி மூன்று பேர் சாப்பிட வேண்டும். ஆ சூன் அங்கிள் முதலில் எடுத்தார். ஒரு வாய் போட்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், ஆனால் தண்ணீர் வாங்கிய நன்றியை மறக்காமல் தட்டைக் காலி செய்தார். காக் நோர் சம்பலைக் குழைத்து, மெல்லாமலேயே மாத்திரை மாதிரி விழுங்கினார். மூன்றாவது ஆளைக் காணோம். மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு எல்லாம் திடீரென்று பெருக்குகிற வேலை ஞாபகம் வந்தது. சரோஜா டீச்சர் சிவப்புப் பேனாவோடு நோட்டைப் பிரித்து, என் பக்கம் திரும்பினார்.

“பட்டியல்ல முதல் ஆளு நீங்கதான். நீங்களே சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. இது சாப்பாடா, இல்லையா?”

எல்லாரும் பெருக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அங்கிள் கரண்டியால் என் தட்டில் கொஞ்சம் வைத்தார். நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கூழாங்கல்லை அப்படியே வாயில் போட்டது மாதிரி இருந்தது. மென்று முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அந்த நேரத்துக்குள் கறிவேப்பிலை நடைபாதையிலிருந்து ஒன்பதாம் பாத்திக்குப் போய், வேர் விட்டு, தளிர்த்து, பூத்தே விட்டது. இல்லை என்று தலையை லேசாக ஆட்டினால் போதும், பாத்தி என்னுடையது. நிமிர்ந்து பார்த்தேன். அங்கிள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குண்டானில் ஒட்டியிருந்த சோளத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

“நல்லா இருக்கு அங்கிள்” என்று தட்டை நீட்டினேன். “இன்னும் ஒரு கரண்டி போடுங்க.”